கூத்து விழாவுக்குக் கம்பெனிக் காசு: வாங்கலாம், ஆனா இந்த விலைக்கா?

கேள்வி சுருக்கமா இதான். திரௌபதி அம்மன் கோயில் விழாவுல, பங்குனி மாசத்துல, பத்து ராத்திரி கூத்து விடுற ஒரு ஊரு. ஊர் வரி வசூல் பத்தல. ஒரு பைப் கம்பெனி வருஷத்துக்கு மூணு லட்சம் தர்றோம்னு வந்திருக்கு. பதிலுக்கு விழா பேருக்கு முன்னாடி கம்பெனி பேரு, மேடைக்குப் பின்னாடி முழுசா அவங்க பேனர், அஞ்சு வருஷத்துக்கு வேற எந்தக் கம்பெனியும் உள்ள வரக்கூடாது. இதை சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிங்க சட்டப்படி சமூகத்துக்குச் செலவு பண்ண வேண்டிய காசு, அந்தக் கணக்குல காட்டிக்கிறோம், மார்ச் 31க்குள்ள கையெழுத்து வேணும்னும் சொல்றாங்க. ஊர்ப் பசங்கள்ல பாதி பேரு வாங்கிடலாம்ங்கறாங்க, பாதி பேரு சாமிக்கு ஆடுற கூத்தை விக்கிறதாங்கறாங்க. வாங்கலாமா?

வாங்கலாம், தப்பே இல்ல. ஆனா இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. நான் ரொம்ப வருஷம் ஒரு கம்பெனியோட மார்க்கெட்டிங் பக்கம் உக்காந்து ஸ்பான்சர் கேட்டு வர்ற லெட்டரைப் படிச்சவன், இப்போ அதே மாதிரி லெட்டரை நாடகக் குழு, பறைக் குழுன்னு தெரிஞ்சவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டு இருக்கேன். ரெண்டு பக்கமும் பாத்ததுல எனக்குப் பட்டது என்னன்னா, கலையை விக்கிறோமா இல்லையான்னு தான் எல்லாரும் சண்டை போடுறாங்க, என்ன விலைக்குன்னு யாருமே கேக்குறதில்ல, கேக்காததால அது அடிமாட்டு விலைக்குப் போயிட்டு இருக்கு, இங்க மட்டும் இல்ல லண்டன்லயும்.

முதல்ல அந்த சி.எஸ்.ஆர். கதையை முடிச்சிடலாம், ஏன்னா உங்ககிட்ட அவங்க சொன்னதே தப்பு. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்பனை 1000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒரு கோட்டைத் தொட்ட கம்பெனி, கடைசி மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகத்துக்குச் செலவு பண்ணணும். 2014 ஏப்ரல்லேர்ந்து இது அமல்ல இருக்கு. எதெதுக்குச் செலவு பண்ணலாம்னு ஏழாவது அட்டவணையில இருக்கு, அதுல அஞ்சாவதா வர்றது பாரம்பரியம், கலை, பண்பாடு, கைவினை. ஆக கூத்து தாராளமா உள்ள வரும். ஆனா 2021 ஜனவரில விதிகளைத் திருத்தினப்போ, தன் பொருளுக்கு விளம்பர லாபம் கிடைக்கிற மாதிரி ஸ்பான்சர்ஷிப்பா பண்ற செலவு சி.எஸ்.ஆர். ஆகாதுன்னு பச்சையாவே எழுதிட்டாங்க. அதுக்கும் முன்னாடி 2014 ஜூன்ல வந்த அமைச்சக சுற்றறிக்கையிலயே மாரத்தான், அவார்டு ஃபங்ஷன், டிவி நிகழ்ச்சி ஸ்பான்சர்னு ஒரு தடவை நடந்து முடியற சமாச்சாரமெல்லாம் சேராதுன்னு இருக்கு. அப்போ விழா பேருக்கு முன்னாடி அவங்க பேரும் வேணும், அதே ரூபாயை சி.எஸ்.ஆர்.லயும் எழுதணும்னா நடக்காது. ஒண்ணு அந்த ஆளுக்கு விதி தெரியாது, இல்ல உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு வந்திருக்காரு. என் அனுபவத்துல ரெண்டாவதுக்குத் தான் வாய்ப்பு ஜாஸ்தி.

கம்பெனிக்குள்ள காசு மூணு பாக்கெட்ல இருக்கும், எந்தப் பாக்கெட்லேர்ந்து வருதுன்னு தெரியாம பேச்சே ஆரம்பிக்கக் கூடாது. ஒண்ணு மார்க்கெட்டிங், அங்க உக்காந்திருக்கிறவருக்கு உங்க கூத்து மேல பாசமெல்லாம் கிடையாது, எத்தனை பேரு பாப்பாங்க, போட்டிக் கம்பெனி பேனர் இருக்கா, அவ்வளவு தான், அது தப்பும் இல்ல, அவரு வேலை அது. ரெண்டாவது சி.எஸ்.ஆர்., அங்க ஃபைலும் ஆடிட்டும் தான் சாமி, போட்டோ, ரிப்போர்ட், பயனாளிகள் பட்டியல்னு கேட்டுக் கொன்னுடுவாங்க, ஆனா குடுத்தா ரெண்டு மூணு வருஷம் தொடர்ந்து குடுப்பாங்க. மூணாவது முதலாளியோட சொந்தப் பாக்கெட், இல்ல அவங்க குடும்ப டிரஸ்ட். தமிழ்நாட்டுல கலைக்கு வந்த பணத்தோட வரலாறே பெரும்பாலும் இந்த மூணாவது பாக்கெட் தான், ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1943ல தமிழ் இசைச் சங்கம் ஆரம்பிச்சதுலேர்ந்து நல்லி குப்புசாமி செட்டியார் சபாக்களுக்குப் பண்றது வரைக்கும். அங்க பேனர் சைஸ் பத்திப் பேச்சே வராது, ஆனா அந்த மனுஷனுக்கு அப்புறம் புள்ளைங்களுக்கும் அதே ஆசை இருக்கணுமே.

ஒரு நடைமுறைத் தகவல், இது நெறைய பேருக்குத் தெரியாது. ஒரு கம்பெனி வருஷத்துக்குச் செலவு பண்ண வேண்டிய சி.எஸ்.ஆர். தொகை 50 லட்சத்துக்குள்ள இருந்தா அதுக்குன்னு தனி கமிட்டி தேவையில்ல, டைரக்டர் போர்டே முடிவு பண்ணிக்கலாம். ஓசூர், கோயம்புத்தூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிற நடுத்தரக் கம்பெனிகள்ல நெறைய இந்தக் கணக்குல தான் வரும். அதாவது மும்பை ஹெட் ஆபீஸுக்குப் பவர்பாயிண்ட் அனுப்பிட்டு ஆறு மாசம் காத்திருக்கிறதை விட, பக்கத்து சிட்கோ எஸ்டேட்ல இருக்கிற எம்.டி.யை ஒரு காபி நேரம் பாக்குறது மேல்.

வரி விஷயத்துலயும் இதே பிரிவினை தான். டைட்டில் ஸ்பான்சர்னா, அதான் விழா பேருக்கு முன்னாடி அவங்க பேரு, அது நீங்க விக்கிற ஒரு சர்வீஸ், 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, நீங்க டிரஸ்டாவோ சொசைட்டியாவோ இருந்து கம்பெனிக்குப் பண்ணினா ரிவர்ஸ் சார்ஜ்ல அந்த வரியைக் கம்பெனியே கட்டணும், உங்க மூணு லட்சத்துல கழிக்கக் கூடாது, ஆடிட்டரை வச்சு அதை அக்ரிமெண்ட்லயே எழுதிக்கோங்க. வெறும் நன்கொடைன்னா கதை வேற. 2019 அக்டோபர்ல ஒரு சுற்றறிக்கை வந்துச்சு, தர்ம ஸ்தாபனத்துக்கு நன்கொடை குடுத்தவரு பேரைப் பலகையில போடுறது, அதுல வியாபார விளம்பரம் இல்லன்னா, ஜி.எஸ்.டி. கிடையாதுன்னு. கோயில் வளாகத்துல அப்பா நினைவா இன்னார் குடுத்ததுன்னு எழுதி வைக்கிறதைத் தான் அதுல உதாரணமா சொல்லியிருக்காங்க. டியூப்லைட் பூரா உபயதாரர் பேரு எழுதி வெளிச்சமே வராம பண்ற நம்ம ஊர்ப் பழக்கத்துக்கு டெல்லில ஒரு அதிகாரி உக்காந்து விளக்கம் எழுதியிருக்காரு பாருங்க.

இப்போ விலைக்கு வர்றேன், எனக்கு ஆத்திரம் வர்ற இடமே இது தான்.

லண்டன்ல டேட்னு ஒரு பெரிய ஆர்ட் மியூசியம், நாலு இடத்துல கேலரி வச்சிருக்காங்க. பி.பி.ங்கற எண்ணெய்க் கம்பெனி 1990லேர்ந்து அதுக்கு ஸ்பான்சர். 2010 ஏப்ரல்ல மெக்சிகோ வளைகுடாவுல பி.பி.யோட கிணத்துல டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை வெடிச்சு 11 தொழிலாளிங்க செத்தாங்க, மாசக்கணக்குல கடல்ல எண்ணெய் கொட்டிட்டே இருந்துச்சு. அது கொட்டிட்டு இருக்கும்போதே ஜூன்ல டேட் பிரிட்டன்ல, பி.பி. உறவுக்கு இருபது வருஷம்னு கோடை விருந்து வைக்கிறாங்க. லிபரேட் டேட்னு ஒரு கலைஞர் குழு போய் வாசல்ல எண்ணெய் மாதிரி கருப்பா வெல்லப்பாகு ஊத்திட்டு வந்துச்சு. 2012ல அதே குழு பதினாறரை மீட்டர் நீளக் காத்தாலை இறக்கை ஒண்ணைத் தூக்கிட்டுப் போய் டேட் மாடர்ன் கூடத்துக்குள்ள வச்சு, இது மியூசியத்துக்கு எங்க அன்பளிப்புன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. இதெல்லாம் பேப்பர்ல வந்த கதை. எனக்கு முக்கியமாப் படறது இன்னொண்ணு. பி.பி. எவ்வளவு தான் குடுக்குதுன்னு கேட்டா டேட் சொல்லவே மாட்டேன்னுச்சு. தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு, தீர்ப்பாயம் வரைக்கும் போய், 2015 ஜனவரில தான் வெளிய வந்துச்சு. 1990லேர்ந்து 2006 வரைக்கும் 17 வருஷத்துக்கு மொத்தமே 38 லட்சம் பவுண்ட். சராசரியா வருஷத்துக்கு 2,24,000 பவுண்ட். எண்ணெய்க் கம்பெனியோட விளம்பர பட்ஜெட்ல இது ஒரு மூலை. அந்தக் காசுக்கு டேட் எத்தனை வருஷம் கெட்ட பேரு வாங்குச்சு! ரகசியம்னு மறைச்சதே தொகை பெருசுன்னு இல்லாம சிறுசுன்னு வெக்கப்பட்டுத் தானோன்னு எனக்குத் தோணும்.

2017ல அந்த உறவு முடிஞ்சுது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2019ல விலகுச்சு, நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி 2022ல, ராயல் ஆபெரா ஹவுஸ் 2023ல. ஆனா அதே 2023 டிசம்பர்ல பிரிட்டிஷ் மியூசியம் மட்டும் பி.பி.கிட்ட பத்து வருஷத்துக்கு 5 கோடி பவுண்ட் வாங்க ஒப்பந்தம் போட்டுச்சு. வருஷத்துக்கு 50 லட்சம், டேட் வாங்கினதை விட இருபது மடங்குக்கும் மேல. பணவீக்கத்தைக் கழிச்சாலும் இது வேற லெவல். ஒவ்வொரு கதவா சாத்தச் சாத்த மிச்சமிருக்கிற கதவுக்கு ரேட் ஏறிடுச்சுன்னு தான் நான் இதைப் படிக்கிறேன். போராட்டக்காரங்க கோவப்படலாம், ஆனா மார்க்கெட்டிங்ல இருந்தவன் கண்ணுக்கு டேட் எவ்வளவு மலிவா போச்சுங்கறதுக்கு இதை விட ஆதாரம் வேண்டாம்.

நம்ம ஊர்லயும் அதான். 2018ல டால்மியா பாரத் கம்பெனி செங்கோட்டையைத் தத்தெடுக்குதுன்னு செய்தி வந்தப்போ நாடே கொந்தளிச்சுது, கோட்டையை வித்துட்டாங்கன்னு. விக்கல, பராமரிப்பு, பார்வையாளர் வசதிக்கு ஒப்பந்தம். தொகை அஞ்சு வருஷத்துக்கு 25 கோடி. வருஷம் 5 கோடி! பிரதமர் கொடியேத்துற இடம், ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் நாட்டுல இருக்கிற அத்தனை டிவிலயும் வர்ற இடம். அதை வாங்கினது சரியா தப்பாங்கறதை விட, பேரம் பேசினது யாருன்னு தெரிஞ்சா அந்த ஆளைப் பாத்து ரெண்டு கேள்வி கேக்கணும் எனக்கு.

அதனால உங்க மூணு லட்சம். நீங்க அந்தத் தொகையை எப்படி ஒத்துக்கிட்டீங்கன்னு நானே சொல்றேன், வரி வசூல் போக எவ்வளவு துண்டு விழுதுன்னு கணக்குப் போட்டீங்க, அது மூணு லட்சம், அவங்க மூணு லட்சம்னதும் சந்தோஷம். இது உங்க செலவுக் கணக்கு, அவங்களுக்குக் கிடைக்கிறதோட விலை வேற. பைபாஸ்ல ஒரு ஹோர்டிங்குக்கு மாச வாடகை என்னன்னு விசாரிங்க, லோக்கல் கேபிள்லயும் எஃப்.எம்.லயும் விளம்பர ரேட் கேளுங்க. ஹோர்டிங்கை ஜனங்க ஓடுற வண்டியிலேர்ந்து ஒரு கணம் பாப்பாங்க, உங்க மேடையை சுத்துப்பட்டு கிராமமே பாய் போட்டு ராத்திரி பத்துலேர்ந்து விடியற வரைக்கும் பாத்துட்டு இருக்கும், அதுவும் போர்வெல் போடுற, சொட்டு நீர்ப் பாசனம் போடுற விவசாய ஜனம், பைப் கம்பெனிக்கு இதை விட என்ன வேணும். அஞ்சு வருஷம் வேற யாரும் வரக்கூடாதுன்னா அதுக்குத் தனி ரேட்டு. விழா பேரையே மாத்தணும்னா அதுக்கு இன்னொரு ரேட்டு. மூணையும் சேத்து மூணு லட்சத்துக்குக் கேக்குறாங்க, கேக்கத்தான் செய்வாங்க, நான் அந்த சீட்ல இருந்தாலும் அப்படித்தான் ஆரம்பிப்பேன்.

பேரு குடுக்குறதுன்னா கால அளவு ரொம்ப முக்கியம். நியூயார்க் லிங்கன் சென்டர்ல ஒரு கச்சேரி அரங்கத்துக்கு 1973ல ஏவரி ஃபிஷர்ங்கறவரு ஒரு கோடியே 5 லட்சம் டாலர் குடுத்தாரு, அவரு பேரையே வச்சாங்க, காலாகாலத்துக்கும். நாப்பது வருஷம் கழிச்சு இடிச்சுப் புதுப்பிக்கப் பணம் வேணும், புதுசா யாராவது பெருசா குடுக்கணும்னா பேரு காலியா இருக்கணும், கடைசியில 2014ல அந்தக் குடும்பத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் குடுத்துப் பேரைத் திரும்ப வாங்கினாங்க! வாங்கினதை விட அதிகம். இந்தப் பக்கம் பாரிஸ்ல லூவ்ர், சாக்லர் குடும்பம், அதான் போதைக்கு அடிமையாக்கின ஆக்சிகான்டின் வலி மாத்திரை வித்த பர்டியூ ஃபார்மாவோட முதலாளிக் குடும்பம், அவங்க பேரு சுவத்துல இருந்துச்சு. 2019ல போட்டோகிராஃபர் நேன் கோல்டினோட குழு போய் வாசல்ல போராட்டம் பண்ணின அதே மாசம் பேரை எடுத்துட்டாங்க, எங்க விதிப்படி பேரு 20 வருஷம் தான், அது முடிஞ்சு போச்சுன்னு ஒரே வரியில. அதே பேரை எடுக்க நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கு 2021 டிசம்பர் வரைக்கும் ஆச்சு. உங்க பேப்பர்லயும் தேதி இருக்கணும். ஒரு வருஷம், ஒத்துவந்தா நீட்டிப்பு.

அடுத்தது வாய். நான் கம்பெனில இருந்த காலத்துல ஒரு விழாவுக்கு ஸ்பான்சர் பேசும்போது எங்க ஆளு ஒருத்தரு கேட்டாரு, அந்தக் கட்டியங்காரன் வந்து நடுவுல பேசுறானே, அவன் வாயால நம்ம பிராண்ட் பேரைச் சொல்ல வைக்கலாமான்னு. சார், அவன் ராஜாவையே நக்கல் அடிக்கிறவன், உங்க பேரைச் சொன்னா நக்கலாத் தான் சொல்லுவான், பரவாயில்லையான்னேன். யோசிச்சுட்டு வேணாம்னுட்டாரு. கட்டியங்காரன் நாட்டாமையைக் கிண்டலடிப்பான், வரி குடுக்காதவனைக் கிண்டலடிப்பான், நேத்து வந்த கலெக்டரைக் கிண்டலடிப்பான். நாளைக்கு அந்தப் பைப் கம்பெனி ஃபேக்டரி உங்க ஏரியில கழிவு விட்டா அதையும் சொல்லியாகணும். ஸ்பான்சர் அக்ரிமெண்ட்ல கம்பெனியோட நற்பெயருக்குப் பங்கம் வர்ற மாதிரி எதுவும் பேசக்கூடாதுன்னு ஒரு வரி சாதாரணமா உக்காந்திருக்கும், யாரும் படிக்கவே மாட்டாங்க. லண்டன் சயின்ஸ் மியூசியமே படிக்காம போட்டுச்சோ படிச்சுட்டுத் தான் போட்டுச்சோ, 2021ல ஷெல்ங்கற எண்ணெய்க் கம்பெனி ஸ்பான்சர் பண்ணின ஒரு கண்காட்சிக்கு அப்படி ஒரு ஷரத்துல கையெழுத்துப் போட்டிருந்தது வெளிய வந்து நாறிப்போச்சு. கண்காட்சி எதைப் பத்தின்னா, காத்துலேர்ந்து கார்பனைப் பிரிச்செடுக்குறதைப் பத்தி!

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை. புக்கர் பரிசு எல்லாருக்கும் தெரியும், புக்கர்ங்கறது ஒரு சர்க்கரைக் கம்பெனி பேருன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. புக்கர் மெக்கானல், பிரிட்டிஷ் கயானாவுல கரும்புத் தோட்டம் வச்சிருந்தவங்க, அந்த நாட்டையே புக்கர்ஸ் கயானான்னு கேலி பண்ணுவாங்க. அடிமை முறை போன பின்னாடி கயானாத் தோட்டங்களுக்குக் கூலி ஒப்பந்தத்துல இந்தியாவுலேர்ந்து கப்பல் கப்பலா ஆளுங்களைக் கொண்டுபோனாங்களே, அதுல மெட்ராஸ் துறைமுகத்துலேர்ந்து போன நம்ம சனமும் உண்டு, அவங்க வம்சாவளியை இன்னிக்கும் அங்க மதராசின்னு தான் சொல்றாங்க. அந்தக் கம்பெனி அப்புறம் இயன் ஃபிளெமிங், அகதா கிறிஸ்டி மாதிரி எழுத்தாளங்களோட காப்புரிமையை வாங்கி நல்லா சம்பாதிச்சுது, அப்படியே 1969ல பரிசையும் ஆரம்பிச்சுது. 1972ல ஜான் பெர்ஜர்ங்கற எழுத்தாளருக்குக் கெடச்சுது, 5,000 பவுண்ட். மனுஷன் மேடையிலயே நின்னு, இந்தக் கம்பெனி கரீபியன்ல நூத்திச் சொச்சம் வருஷமா பண்ணின வியாபாரத்தோட விளைவு தான் இன்னிக்கு அங்க இருக்கிற வறுமைன்னு பேசிட்டு, பாதிப் பணத்தை பிளாக் பாந்தர்ங்கற கறுப்பின உரிமை இயக்கத்துக்குக் குடுக்குறேன்னுட்டாரு, மிச்சத்தைப் புலம்பெயர் தொழிலாளிங்க பத்தின தன் அடுத்த புத்தக வேலைக்கு வச்சுக்கிட்டாரு. கம்பெனி என்ன பண்ணுச்சு? பரிசை நிறுத்தல. அதுக்கப்புறமும் முப்பது வருஷம், 2002ல மேன் குரூப் கைக்குப் போற வரைக்கும் குடுத்துச்சு. அந்த மாதிரி டீல் கிடைச்சா கண்ண மூடிட்டு வாங்குங்க.

சரி, யாரு காசுன்னு பாக்கவே வேணாமான்னு உங்க பசங்க கேப்பாங்க. பாக்கணும். 2016 மே மாசம் லண்டன் சவுத்பாங்க்ல ஜெய்ப்பூர் இலக்கிய விழா நடந்தப்போ வேதாந்தாங்கற சுரங்கக் கம்பெனி ஸ்பான்சர், நூத்துக்கும் மேல எழுத்தாளங்க, கல்வியாளங்க கையெழுத்துப் போட்டு எதிர்த்தாங்க, சில பேரு போகவே இல்ல, விழாக்காரங்க கேக்கல. சரியா ரெண்டு வருஷம் கழிச்சு, 2018 மே, தூத்துக்குடில அதே வேதாந்தாவோட ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்துல போலீஸ் சுட்டு 13 பேரு செத்தாங்க. அந்தப் பேனருக்குக் கீழ உக்காந்து இலக்கியம் பேச தூத்துக்குடிக்காரனால முடியுமா, சொல்லுங்க. 2023ல பெருமாள்முருகன் நாவலோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்புக்கு 25 லட்ச ரூபாய் ஜே.சி.பி. பரிசு கெடச்சப்போ நம்மாளுங்க எல்லாரும் சந்தோஷப்பட்டோம், அடுத்த வருஷமே வீடுகளை இடிக்கிற புல்டோசர் கம்பெனி இலக்கியத்துக்குப் பரிசு குடுக்குறதான்னு நூத்துக்கும் மேல எழுத்தாளங்க பகிரங்கக் கடிதம் எழுதினாங்க. ரெண்டுமே நியாயம் தான்.

ஆனா வேண்டாம்னு சொல்றதுக்கும் ஒரு செலவு இருக்கு, அதையும் கணக்குல எடுங்க. 2024ல பிரிட்டன்ல பெய்லி கிஃபோர்டுன்னு ஒரு முதலீட்டுக் கம்பெனி, நெறைய புத்தகத் திருவிழாக்களுக்குக் குடுத்துட்டு இருந்தது, எண்ணெய்க் கம்பெனிகள்ல முதலீடு இருக்குன்னு எழுத்தாளங்க எதிர்ப்பு கிளம்புச்சு, ஹே, எடின்பரோன்னு பெரிய விழாக்கள் விலகினதும் அந்தக் கம்பெனி மிச்சமிருந்த சின்ன விழாக்களுக்கும் சேத்து மொத்தமா நிறுத்திடுச்சு. பெரிய விழா வேற ஆளைப் புடிச்சுக்கும், சின்ன ஊரு விழா என்ன பண்ணும். இந்தப் பக்கம் ஐ.டி.சி.யைப் பாருங்க, சிகரெட் கம்பெனி, சிகரெட் காசுன்னா யாருக்கும் பிடிக்காது, இந்திய கிரிக்கெட் டீம் சட்டையில வில்ஸ்னு எழுதியிருந்ததே அவங்க தான், 2001ல அதுலேர்ந்து விலகினாங்க. ஆனா 1977ல கல்கத்தா டாலிகஞ்ச்ல அவங்க ஆரம்பிச்ச சங்கீத ரிசர்ச் அகாடமில குருமாரும் சிஷ்யப் புள்ளைங்களும் அங்கயே தங்கி, உதவித்தொகையோட வருஷக்கணக்குல சாதகம் பண்ணினாங்க, உஸ்தாத் ரஷீத் கான் அங்க வளந்தவரு. காசு அழுக்கு, அமைப்பு அருமை. டேட்டுக்குக் காசும் அழுக்கு, அமைப்பும் மட்டம். என்னோட அளவுகோல் ஒண்ணே ஒண்ணு தான்: அந்தக் கம்பெனியால அடிபட்டவன் உங்க பந்தல்ல உக்காந்து கூத்து பாக்க முடியுமா? முடியாதுன்னா எத்தனை லட்சம்னாலும் வேணாம். உங்க பைப் கம்பெனி மேல அப்படி எதுவும் நீங்க சொல்லல, அதனால பேசலாம்.

இப்படி வருஷா வருஷம் கையேந்துறதை விட்டு வெளிய வர்றது தான் நிஜமான சிக்கல். ராஜராஜன் தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில்ல ஆடுற பொண்ணுங்களை, கொண்டுவந்து வச்சப்போ ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல்லுன்னு கல்லுல வெட்டினான், யாரு எந்த ஊர்லேர்ந்து வந்தாங்கன்னு பேரோட. ஒருத்தரு செத்தா அந்தப் பங்கு அடுத்து யாருக்குங்கறது வரைக்கும் இருக்கு. (அந்தப் பொண்ணுங்களை யாரு கேட்டுக் கூட்டிட்டு வந்தாங்கங்கறது தனிக் கேள்வி, அதை நான் மறக்கல.) நிலத்தோட விளைச்சல்ல கட்டினதால ராஜா மாறினாலும் கொஞ்ச காலம் ஓடும். இன்னிக்கு ஒரு கம்பெனி உங்க குழுவுக்கு அப்படி ஒரு மூலநிதி போட்டு, அந்த வட்டியில கூத்து நடக்கட்டும்னு நெனச்சா கூட, 2021க்கு அப்புறம் கார்ப்பஸ் நிதிக்குக் குடுக்குறது சி.எஸ்.ஆர்.ல சேராது. செலவு பண்ணிக் காட்டணும், சேத்து வைக்கக் கூடாது. காசு எங்கயோ முடங்கிடக் கூடாதுன்னு போட்ட விதி தான், காரணம் புரியுது, ஆனா கலைக்கு எது நிலைக்குமோ அதையே அடைச்சுட்டாங்க. அதனால நிலைக்கிற காசு மூணாவது பாக்கெட்லேர்ந்து தான் வரணும், இல்ல நீங்களே சேக்கணும். 1966ல ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை கே.சி.எஸ். பணிக்கரும் கூட இருந்த ஓவியர்களும் அப்படித்தான் உண்டாக்கினாங்க, பாத்திக் துணி, கைவினைப் பொருள்னு செஞ்சு வித்து அந்தக் காசுல நிலம் வாங்கினாங்க. பெயிண்டிங் விக்குதோ விக்கலையோ இடம் இருக்கு.

இப்போ உங்க வேலை. டைட்டிலே வேணாம், உங்க விழாவுக்கு ஏற்கனவே ஒரு ஏற்பாடு இருக்கு, மண்டகப்படி. பத்து ராத்திரின்னா பத்து மண்டகப்படி, பைப் கம்பெனிக்கு ஒரு ராத்திரி குடுங்க, அன்னிக்கு அவங்க பேரு மைக்ல வரும், பந்தல் வாசல்ல பேனர் வரும், எம்.டி.க்குப் பரிவட்டம் கட்டி மரியாதை பண்ணுங்க, அதுக்கு ஒரு லட்சம் கேளுங்க. மிச்ச ராத்திரிக்கு உரக்கடை, நகைக்கடை, ரைஸ் மில், துபாய்ல இருக்கிற உங்க ஊர்ப் பசங்கன்னு புடிங்க. எந்த ராத்திரின்னு அவங்க கேப்பாங்க, எல்லாருக்கும் அர்ச்சுனன் தபசு ராத்திரி தான் வேணும், கூட்டம் ஜாஸ்தி, அதுக்கு ரேட்டை ஏத்துங்க, துகிலுரிதலை மட்டும் யாருக்கும் குடுக்காம ஊர் வரிக்கே வச்சுக்கோங்க, அந்த ராத்திரி பொம்பளைங்க விரதமிருந்து பாக்குற ஊரு பல இருக்கு, அங்க பைப் விளம்பரம் வேணாம். மேடைத் திரைக்குப் பின்னாடியும் எந்த ராத்திரியும் எதுவும் வேணாம், ஆடுறவங்க முகம் தான் தெரியணும்.

சி.எஸ்.ஆர். காசை விழாவுலேர்ந்து பிரிச்சுக் கேளுங்க. புள்ளைங்களுக்கு வருஷம் பூரா கூத்துப் பயிற்சி, மிருதங்கம், முகவீணை கத்துக்குடுக்குறது, கட்டை ஆபரணம் செய்யறது, வயசான வாத்தியாருங்க பாட்டைப் பதிவு பண்றது, இதெல்லாம் ஏழாவது அட்டவணைக்குள்ள அழகா வரும், இதுல கம்பெனி பேரை ஒரு ஓரத்துல நன்றின்னு போட்டா போதும். ஆனா அதை வாங்க உங்க அமைப்பு சி.எஸ்.ஆர்-1 பதிவு, 12ஏ, 80ஜிங்கற வருமான வரிப் பதிவு, மூணு வருஷ வேலை அனுபவம்னு வச்சிருக்கணும், இல்லன்னா ஏற்கனவே இதெல்லாம் வச்சிருக்கிற டிரஸ்ட் மூலமா வாங்கணும், இல்ல கம்பெனியே நேரடியா செலவு பண்ணட்டும். மூணு வருஷத் திட்டமாவே எழுதுங்க.

பணம் எப்போ வருங்கறதுல தான் சின்னக் குழுக்கள் செத்துப் போறாங்க. கம்பெனின்னா வெண்டர் கோட், பி.ஓ., இன்வாய்ஸ், டி.டி.எஸ். புடிச்சுட்டு, பில் பாஸ் ஆகி வர ரெண்டு மூணு மாசம் ஆகும். கூத்து முடிஞ்ச காலையில வேஷம் கலைக்கும்போதே ஆட்டக்காரங்க கையில காசு குடுத்தாகணும், அவங்க மதியம் அடுத்த ஊருக்கு வண்டி ஏறணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு குழுத் தலைவர், ஒரு பெரிய கம்பெனி பேரை நம்பி மூணு வட்டிக்கு வாங்கிச் சம்பளம் குடுத்து, கம்பெனிக் காசு அடுத்த ஆடியில தான் வந்துச்சு, வட்டி போக அவருக்கு நின்னது ஒண்ணுமில்ல. அதனால முக்கால் பங்கு அவங்க மண்டகப்படி ராத்திரிக்கு முன்னாடி அக்கவுண்ட்ல வந்துடணும்னு எழுதுங்க. கூடவே இன்னும் ரெண்டு வரி: கதை, பாட்டு, கட்டியங்காரன் பேச்சு எதுலயும் நிதி குடுக்கிறவங்களுக்கு உரிமை இல்ல. ஊருக்குப் பாதிப்பு வர்ற காரியம் கம்பெனி பண்ணினா ஒப்பந்தத்தை நீங்க முறிச்சுக்கலாம், வாங்கினதைத் திருப்பித் தர வேண்டியதில்ல.

பயப்படாம கேளுங்க. மார்ச் 31க்குள்ள கையெழுத்து வேணும்னு அவங்க அவசரப்படுறதுக்குக் காரணம் இருக்கு, வருஷம் முடியறப்போ தொடர் திட்டம் எதுக்கும் ஒதுக்காம, செலவாகாம நிக்கிற சி.எஸ்.ஆர். காசை அவங்க கையில வச்சுக்க முடியாது, பிரதமர் நிவாரண நிதி மாதிரி ஏதாவது ஒரு அரசு நிதிக்குக் கட்டணும், அங்க கட்டினா ஒரு போட்டோ கூட மிஞ்சாது. உங்க கடைசி நாலு ராத்திரி ஏப்ரல்ல வருது, அதாவது அவங்களுக்குப் புது வருஷம், புது பட்ஜெட். மார்ச்ல பயிற்சித் திட்டத்துக்கு ஒரு செக், ஏப்ரல்ல மண்டகப்படிக்கு மார்க்கெட்டிங்லேர்ந்து இன்னொரு செக், ரெண்டு தனி லெட்டரா எழுதி, முதல் லெட்டரை இந்த வாரமே நேர்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு நகல்ல சீல் வாங்கிட்டு வாங்க.